இரண்டு மணி வரை சூசையம்மாள்

நான் செய்த வேலையில் ஒரு பிழையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் குரலைப் பழைய பூட்டிலிருந்து எடுத்துப் புதிய பூட்டுக்குள் வைத்தேன். ஒன்றுகூடத் தொலையவில்லை, ஒன்றுகூடக் கரகரக்கவில்லை. ஆபீசில் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார்கள். நான் மட்டும் அதைப் பொட்டலமாகவே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இன்னும் பிரிக்கவில்லை.

மதுரையில் எங்கள் கம்பெனி குரல் பெட்டகம் நடத்துகிறது. தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னவர்கள், ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு மூடிய அறையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். பேப்பர் படிப்பார்கள், பிள்ளையைத் திட்டுவதுபோலத் திட்டுவார்கள், சிரிப்பார்கள். அத்தனையும் எங்களிடம் சேமிப்பாகும். ஆபரேஷனுக்குப் பிறகு சட்டைப் பொத்தான் அளவில் ஒன்றைக் கழுத்துக்குள் வைத்து, தீப்பெட்டி அளவில் ஒன்றை வெளியே தொங்கவிடுவார்கள். வாயை அசைத்தால் போதும், தீப்பெட்டியிலிருந்து அவர்களுடைய சொந்தக் குரல் வரும். ஆஸ்பத்திரிக்காரர்கள் இதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். போட்டுக்கொண்டவர்கள் சங்கு என்பார்கள்.

குரலைச் சங்குக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். வைக்க முடியாது. போனில் வாயால் சொன்னால் அது கையெழுத்துக்குச் சமம் என்று சட்டம் வந்து பத்து வருஷம் ஆகிறது. கையெழுத்தை யாராவது கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பஸ்ஸில் போவார்களா? அதனால் குரல் எங்களிடம் பூட்டியிருக்கும். சங்கை ஆன் செய்து பெட்டக எண்ணைத் தட்டினால் பூட்டு திறக்கும். அணைத்தால் மூடிக்கொள்ளும். ஒரு பெட்டகம் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் திறந்திருக்கும். எண் யாருக்குத் தெரிந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் சாவி சங்குக்குள் இருக்கிறது, ஒவ்வொரு சங்குக்கும் ஒரு சாவி. அப்படித்தான் நாங்கள் எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

போன மார்ச்சில் விருதுநகர்ப் பக்கம் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், குவாரி லாரிகள் மேல் போலீசில் கொடுத்திருந்த புகாரைப் போனில் வாபஸ் வாங்கினார். குரல் அவருடையதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். சங்கு அணைந்து சட்டைப்பையில் கிடந்தது.

எங்கள் மேனேஜர் வைதேகி மேடம் என்னைக் கூப்பிட்டார். அவர் கம்பெனிக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. கத்திப் பேச மாட்டார், அதனாலேயே அவரிடம் பொய் சொல்வது கஷ்டம்.

"எத்தனை பேர் குரல் இப்படி இருக்கு, மாசிலாமணி?"

"முதல் வருஷம் பதிஞ்சவங்க எல்லாரும் மேடம். இருநூத்திப் பன்னெண்டு."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நாளைக்கு டைரக்டர்கள்கிட்ட நான் பேசணும்."

"ஹவுசிங் போர்டு குவார்ட்டர்ஸ் மாதிரி மேடம். வீட்டுக்கு வீடு வேற பூட்டுன்னு சொல்லிட்டு, கான்ட்ராக்டர் ஒரே அச்சுப் பூட்டா வாங்கி மாட்டிட்டான். எல்லார் கையிலயும் சாவி இருக்கு. தன் சாவி பக்கத்து வீட்டையும் திறக்கும்னு யாருக்கும் தெரியாது."

"தெரியாதுன்னா அந்த வாத்தியார் புகாரை வாபஸ் வாங்கினது யாரு?"

அவரே தொடர்ந்தார். "எப்படி ஆச்சு இது?"

"சங்கோட எண் பன்னெண்டு இலக்கம். அதை வச்சுத்தான் சாவி உண்டாகும். நம்ம மென்பொருள் முதல் நாலு இலக்கத்தை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சம் எட்டை வெட்டிப் போட்டிருக்கு. ஒரே லாட்டுல வந்த சங்குக்கெல்லாம் முதல் நாலும் ஒண்ணுதான்."

"யார் எழுதினது அதை?"

"பழைய ஆளுங்க மேடம்" என்றேன். அந்தப் பழைய ஆள் நான்தான்.

இந்த ஓட்டையைச் சென்னையில் ஒரு ஆராய்ச்சி மாணவியும் கண்டுபிடித்து எங்களுக்கு எழுதியிருந்தாள். ஜூன் முதல் தேதி ஊருக்கே சொல்லப்போகிறாளாம். அதற்குள் பூட்டை மாற்றியாக வேண்டும். பழைய சாவியை ஒரேயடியாக நிறுத்தினால் மறுநாள் காலையில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் வாயடைத்து நிற்பார்கள். நிறுத்தாமல் விட்டால் யார் குரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பேசலாம். நான் ஒரு வழி சொன்னேன். ஒவ்வொரு பெட்டகத்தையும் பழைய சாவியால் ஒரே ஒரு தடவை திறப்பது, அதே கையோடு பன்னிரண்டு இலக்கத்துக்கும் சேர்த்துப் புதுப் பூட்டைப் போடுவது, பழைய சாவியை அத்தோடு கொன்றுவிடுவது.

"யாரோட சங்குக்குப் பூட்டுவீங்க?" என்றார் வைதேகி மேடம்.

அங்கேதான் சிக்கல். எட்டு இலக்கத்தை வெட்டிப் போட்டதால், எந்தப் பெட்டகம் எந்தச் சங்குக்கு உரியது என்பது எங்கள் பதிவேட்டிலேயே கிடையாது. ஆஸ்பத்திரியிலும் கிடையாது. சங்கு ரிப்பேரானால் கவுண்டரிலேயே வேறொன்றைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், யாரும் எழுதி வைக்கவில்லை.

"அப்ப அவங்களையே கேட்டுடுங்க. ஒரு போன் நம்பர் குடுங்க. அவங்க குரல்லயே கூப்பிட்டு, பேரு, பெட்டக எண், சங்கு எண் மூணையும் சொல்லட்டும். குரல் பொருந்தினா போதும். சட்டப்படி அது கையெழுத்து."

மே மாதம் இருபதிலிருந்து முப்பத்தொன்று வரை கெடு. ஒருவர் ஒரு தடவைதான் சொல்லலாம். எனக்கு அப்போது அது ரொம்ப அழகான ஏற்பாடாகத் தெரிந்தது.

கெடு தொடங்குவதற்கு முன்னால் பழைய பதிவுகளைத் துழாவினேன். தலைமை ஆசிரியருக்கு நடந்ததுபோல வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். நூற்றுப் பதினெட்டாம் பெட்டகத்தில் என் கண் நின்றது. பெயர் சூசையம்மாள், ஊர் கோவில்பட்டி. தினமும் காலை ஆறு மணிக்கு மார்க்கெட் பக்கத்து டவரிலிருந்து திறக்கிறது. மதியம் ஒன்று ஐம்பத்தெட்டுக்கு மூடுகிறது. இரண்டு மணி மூன்று நிமிஷத்துக்கு மறுபடி திறக்கிறது, ஆனால் ஊரின் இன்னொரு மூலையிலிருந்து. படுக்கும் நேரம் வரை அங்கேதான். ஏழு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை உட்பட, ஒரு நாள் தவறாமல். இவ்வளவு ஒழுங்கான திருடனை நான் பார்த்ததில்லை. மறுநாளே கோவில்பட்டிக்கு பஸ் ஏறினேன்.

சூசையம்மாளுக்கு மார்க்கெட்டில் மீன் கடை. ஐம்பத்தைந்து வயசு இருக்கும், கட்டையான உருவம், நாலு கடை தாண்டிப் போகிற ஆளையும் திரும்ப வைக்கிற குரல்.

"வாங்க தம்பி, விளமீன் இருக்கு, சங்கரா இருக்கு. காலைலதான் வேம்பார்லேர்ந்து வந்துச்சு. செவுளைத் தூக்கிப் பாத்து வாங்குங்க."

குரல் வந்த தீப்பெட்டியில் இரண்டு மீன் செதில் ஒட்டியிருந்தது. நான் யார் என்று சொன்னேன். அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

"உங்க குரலை யாரோ மத்தியானத்துக்கு மேல எடுத்துப் பேசுறாங்க அம்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் அரிவாள்மனையைத் துடைத்து ஓரமாக வைத்தார். "யாரோ இல்ல தம்பி. நாந்தான் குடுக்கேன்." பிறகு எதிர்க் கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஒண்ணே முக்கா ஆவுது. எனக்கு இன்னும் பத்துப் பன்னெண்டு நிமிசம்தான் பேச்சு இருக்கு. நடந்துக்கிட்டே சொல்லுதேன், வாங்க."

பக்கத்துக் கடைக்காரரிடம் மீனை ஒப்படைத்துவிட்டு வேகமாக நடந்தார். நான் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது.

"எட்டு வருசம் முன்னாடி எனக்குத் தொண்டைல கட்டி. ஆஸ்பத்திரில பேசிப் பதியுற ரூம்பு ஒண்ணே ஒண்ணு. ஒரு நாளைக்கு ஒரு ஆளுதான். எனக்கு முன்னாடி ஏழெட்டுப் பேர் வரிசைல இருக்காக. எங்க சித்தப்பா மகன் சாமுவேல் அங்க ஆபீசுல இருந்தான். நான் ஒண்ணும் பெருசா கேக்கல தம்பி. கொஞ்சம் முன்னாடி போட்டு விடுடான்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவன் செவ்வாக்கெழமை ரூம்பை எனக்கு வாங்கிக் குடுத்துட்டான். அந்தச் செவ்வாக்கெழமை யாரு பேர்ல இருந்துச்சுன்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும். கேக்கல. அது யாருன்னா..."

தெருமுனையில் நின்றார். செல்போனில் மணியைப் பார்த்தார். சங்கை அணைத்தார். வாய் இன்னும் ஒரு வார்த்தை அசைந்தது, சத்தம் வரவில்லை. கைப்பையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஒரு எழுதுபலகையை எடுத்து இடுக்கிக்கொண்டு, என்னை வரச் சொல்லிக் கைகாட்டினார்.

இளையரசனேந்தல் ரோட்டில் ஒரு வாடகை வீடு. வாசலில் ஒரு பெண் கையில் சங்கோடு காத்துக்கொண்டிருந்தார். முப்பத்தாறு, முப்பத்தேழு வயசு, ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்டுத் தேய்த்த புடவை. சூசையம்மாள் தலையாட்டினார். அந்தப் பெண் சங்கைக் கழுத்தில் மாட்டி நூற்றுப் பதினெட்டைத் தட்டினார்.

"வாங்க சார், உக்காருங்க. நான் செண்பகவல்லி. அக்கா எதுவரைக்கும் சொன்னாங்க?"

தெருமுனையில் பாதியில் நின்ற அதே குரல். ஆனால் மீன் கடையின் இழுப்பு இல்லை, கோடு போட்ட நோட்டில் எழுதுவதுபோல ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்தது.

"செவ்வாய்க்கிழமை யார் பேர்ல இருந்துச்சுங்கிறது வரைக்கும்" என்றேன்.

"என் பேர்ல இருந்துச்சு. என்னை அடுத்த வாரம்னு தள்ளிட்டாங்க. வியாழக்கிழமை எனக்கு மூச்சு அடைச்சிருச்சு. இனி காத்திருக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பதியாமலே எடுத்துட்டாங்க."

"வேற எதுலயும் உங்க குரல் இல்லையா?"

"பள்ளிக்கூட ஆண்டு விழா வீடியோல அரை மணி நேரம் பேசியிருக்கேன். அதை வச்சுப் பண்ணித் தாங்கன்னு கேட்டேன். அந்த ரூம்ல எட்டு மணி நேரம் பதிஞ்சாத்தான் செல்லும், சட்டம் அப்படின்னாங்க. பொதுக் குரல் குடுத்தாங்க. லிஃப்ட்ல 'கதவு மூடுகிறது'ன்னு ஒரு பொம்பளை சொல்லுமே, அந்தக் குரல். அதைப் போட்டுக்கிட்டு ஒண்ணாங்கிளாசுக்குப் போனேன். பிள்ளைங்க பயந்து அழுதுச்சு. டீச்சர், கொஞ்ச நாள் ஓய்வெடுங்கன்னு ஹெச்.எம். சொன்னார். ஏழு வருஷமா ஓய்வுதான். சாயந்திரம் டியூஷன் எடுக்கேன்."

"இது திறக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"சங்கு மாட்டுறதுக்கு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தப்ப அக்கா எனக்கு அடுத்த கட்டில். நான்தான் அந்தச் செவ்வாய்க்கிழமைன்னு அங்க வச்சுத்தான் அவங்களுக்குத் தெரியும். மூணு நாள் சாப்பிடல அவங்க. நாலாம் நாள், என் நம்பரைத் தட்டிப் பாரு பிள்ளைன்னு சிலேட்டுல எழுதிக் காட்டினாங்க. தட்டினேன். திறந்துக்கிச்சு. காலைல அக்காவுக்குக் கடை, அதனால எனக்கு ரெண்டு மணிக்கு மேலதான்."

நான் எட்டு வருஷத்துக்கு முன்னால் கவனமில்லாமல் வெட்டிப் போட்ட எட்டு இலக்கம் இந்த வீட்டில் ஒரு ஆளைப் பேச வைத்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையை நினைத்து இப்போது இன்னும் வெட்கமாக இருக்கிறது.

"உங்களுக்கு அவங்க மேல கோபமே இல்லையா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

செண்பகவல்லி ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சூசையம்மாளைத் திரும்பிப் பார்த்தார். "கோபம் என்ன சார். அன்னைக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்."

தன் குரலிலேயே அதைக் கேட்டுக்கொண்டு சூசையம்மாள் தரையைப் பார்த்தார். முதல் தடவையாகக் கேட்கிற முகமாக அது இல்லை. அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. ஏழு வருஷமாக இந்த இரண்டு பேரும் ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை. ஒருவர் பேசினால் மற்றவர் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஜூனில் புதிதாகத் திறக்கும் ஒரு நர்சரிப் பள்ளியில் செண்பகவல்லிக்கு வேலை தருகிறார்களாம். "காலைல ஒன்பது மணிக்கு நிக்கணும்" என்றார். சூசையம்மாள் பலகையில் 'காலைல கடை' என்று எழுதி, நாங்கள் படித்ததும் அழித்துவிட்டார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். பூட்டு மாறப்போகிறது, இனி ஒரு பெட்டகத்துக்கு ஒரு சங்குதான். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். ஏதாவது வழி பண்ணப் பார்க்கிறேன் என்று சொல்லி, இரண்டு சங்குகளின் எண்ணையும் என் டைரியில் குறித்துக்கொண்டேன். வழி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் தைரியமாகத்தான் கிளம்பினேன்.

வழி இருக்கத்தான் செய்தது. ஒரு பெட்டகத்துக்கு இரண்டு சாவி போட எனக்கு அரை நாள் போதும். மறுநாள் வைதேகி மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேட்டார்.

"ரெண்டு பேர் ஒரு குரல்ல பேசினா, அது யாரோட கையெழுத்து மாசிலாமணி?"

"அவங்களுக்குள்ள ஒரு ஒழுங்கு இருக்கு மேடம். ரெண்டு மணி வரைக்கும் ஒருத்தர், அப்புறம் ஒருத்தர். ஏழு வருஷத்துல ஒரு தப்பு நடக்கல."

"இது வரைக்கும் நடக்கல. நாளைக்கு அந்த டீச்சர் ஏதாவது ஒரு பேப்பருக்குச் சரின்னு சொல்லிட்டா, மீன் கடை அம்மா ஜெயிலுக்குப் போவாங்களா? ஒரு குரலுக்கு ஒரு ஆள். அந்த வாத்தியாருக்கு நடந்தப்புறமும் நான் இதை எப்படி விட முடியும்?"

"அப்ப செண்பகவல்லி?"

"அவங்க நம்ம பதிவேட்டுலயே இல்லையே." சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாவம்தான். எனக்கு மட்டும் மனசு இல்லையா? நீங்க சத்தம் போடாம ரெண்டாவது சாவியைப் போட்டுறலாம்னு நினைக்காதீங்க. போட்டா நான் கண்டுபிடிச்சுடுவேன்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. பழையது எதுவும் கெடாமல் மாற்றித் தருகிறேன் என்று மார்தட்டியிருந்தேன். பழைய பெட்டகம் கெடவில்லை. பழைய பிழையின் மேல் ஒருத்தி ஏழு வருஷமாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறாள், அதைக் கெடாமல் மாற்ற என் கையில் ஒன்றும் இல்லை.

கெடு தொடங்கிய அன்று பன்னிரண்டு மணிக்குச் சூசையம்மாளைக் கூப்பிட்டேன்.

"வழி இல்லைம்மா. உங்க குரல் உங்களுக்குத்தான். நான் குடுக்குற நம்பருக்குப் போன் போட்டு உங்க சங்கு எண்ணைச் சொல்லிடுங்க. அதோட முடிஞ்சது."

பின்னால் மார்க்கெட் இரைச்சல் கேட்டது. "அவளுக்கு?" என்றார்.

"பொதுக் குரல்தான்."

"கடைசித் தேதி என்ன சொன்னீக?"

"முப்பத்தொண்ணு."

"நான் சொல்லாத வரைக்கும் பழைய மாதிரியே திறக்குமா?"

"திறக்கும்."

"அப்ப முப்பத்தொண்ணாந்தேதி சொல்லுதேன் தம்பி. அதுவரைக்கும் அவ பேசிக்கிடட்டும்."

மூன்று மணிக்குச் செண்பகவல்லியைக் கூப்பிட்டேன். அவரிடமும் சொல்வதுதான் முறை என்று நினைத்தேன். பன்னிரண்டு மணிக்குக் கேட்ட அதே குரல் "சொல்லுங்க சார்" என்றது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. அழவில்லை, கெஞ்சவில்லை.

"அந்தப் போன் நம்பர் என்ன சார்? அக்கா மறந்துடுவாங்க. நான் எழுதிக் குடுத்துடுறேன்."

கொடுத்தேன். ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்தி.

பன்னிரண்டு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் கூப்பிட்டுவிட்டார்கள். ஒவ்வொரு பெட்டகமாகத் திறந்து, பூட்டி, சோதித்துப் பார்த்தேன். முப்பத்தொன்றாம் தேதி சாயந்திரம் பழைய சாவியைக் கொன்றோம். அல்வா வந்தது. எல்லோரும் கை குலுக்கினார்கள். நான் என் மேஜைக்குப் போய் நூற்றுப் பதினெட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த ஒன்றை மட்டும் பார்க்க எனக்கு அத்தனை நாளும் மனசு வரவில்லை, மென்பொருளே தானாக மாற்றி முடித்திருந்தது.

போன் பதிவைப் போட்டேன்.

"நான் சூசையம்மாள். பெட்டகம் நூற்றுப் பதினெட்டு. என் சங்கின் எண் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்." பிறகு பன்னிரண்டு இலக்கம்.

டைரியைப் புரட்டி ஒப்பிட்டேன். அது செண்பகவல்லியின் சங்கு.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. கொடுத்துவிட்டாள் மனுஷி, பாதி நாளை ஏழு வருஷமாகக் கொடுத்தவள் மிச்சத்தையும் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். எழுந்துபோய் வைதேகி மேடத்திடம் சொல்லலாம் என்று நாற்காலியைத் தள்ளினேன். அவர் சந்தோஷப்படுவார், அவருக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

போவதற்கு முன்னால் இன்னொரு தடவை கேட்டேன். இரண்டாம் தடவை கேட்கும்போது அதில் மீன் கடை இல்லை. ஒவ்வொரு இலக்கமும் கோடு போட்ட நோட்டில் எழுதியதுபோல இருந்தது. பதிவின் நேரத்தைப் பார்த்தேன். இருபத்தொன்பதாம் தேதி, மதியம் இரண்டு இருபது.

நாற்காலியை மறுபடி இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். குரல் பொருந்தியிருந்தது, நூற்றுக்கு நூறு. குரலுக்குச் சாட்சியாக அந்தக் குரலையேதான் நான் கூப்பிட்டிருந்தேன்.

ஒருவேளை சூசையம்மாளே சொல்லச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து பலகையில் எழுதிக் காட்டியிருக்கலாம். அன்று ராத்திரி வரை இப்படி ஏழெட்டு விதமாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றையும் நம்ப முடியவில்லை. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் கோவில்பட்டிக்குப் போனேன். கையில் ஒரு படிவமும் பேனாவும் இருந்தன.

மார்க்கெட்டில் அந்தப் பக்கம் அமைதியாக இருந்தது. சூசையம்மாள் கடையில் உட்கார்ந்து, ஆள் போகும்போதெல்லாம் ஒரு கரண்டியால் அலுமினியத் தட்டில் தட்டிக்கொண்டிருந்தார். மீன் கூடையில் பாதிக்கு மேல் மிச்சம். கழுத்தில் சங்கு இல்லை. என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு ஒரு பெட்டியை நகர்த்திப் போட்டார்.

நான் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கவில்லை.

"நீங்க குடுத்தீங்களா அம்மா?"

அவர் என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டவில்லை, ஆமாம் என்றும் ஆட்டவில்லை. பலகையை எடுத்து எழுதினார். 'முப்பதாம் தேதி காலைல தட்டுனேன். திறக்கல.'

அன்று முழுக்க என்ன செய்தார், யாரிடம் எழுதிக் காட்டினார், ஆறு மணிக்கு எத்தனை தடவை தட்டிப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. என் நம்பர் அவரிடம் இருந்தது. இருந்தும் என்ன, எதை வைத்துப் பேசுவார்.

"இங்க பாருங்க அம்மா. பூட்டைத் திருப்பி மாத்துற அதிகாரம் கம்பெனிக்கு இருக்கு. பெட்டகம் உங்க பேர்ல. இதுல பேனாவால ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். சாயந்திரத்துக்குள்ள உங்க குரல் உங்ககிட்ட வந்துரும்." மிச்சத்தையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். "டீச்சர் மேல கேஸ் வரும். வேலை போயிரும். அதையும் சொல்லிடுறேன்."

படிவத்தை மீன் பலகையின் ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தேன். பேனாவை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. படிவத்தையும் படிக்கவில்லை. மணி பத்தரை இருக்கும். ஊரின் அந்தக் கோடியில் இந்த நேரம் நர்சரிப் பிள்ளைகளுக்கு முன்னால் சூசையம்மாளின் குரல் எதையாவது சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் அழாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நல்ல குரல் அது.

அவர் பலகையை மடியில் வைத்து மெதுவாக எழுதினார். எழுதி முடித்து என் பக்கம் திருப்பினார்.

'என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்.'

அதை நான் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், இதே அம்மாவின் குரலில்.

இன்னும் ஏதாவது எழுதுவார் என்று காத்திருந்தேன். ஒரு பெண் கூடையோடு வந்து நின்று, "சங்கரா கிலோ எவ்வளவுக்கா?" என்று கேட்டார். சூசையம்மாள் அந்த வரியை ஈர உள்ளங்கையால் அழித்துவிட்டு, அதே இடத்தில் மீன் விலையை எழுதிக் காட்டினார்.